வெள்ளிக்கிழமை எழாத மெஷின்

அத்தியாயம் 6

“சாவி எங்கே முதாசிர்?”

மேற்குத் தாம்பரத்தில் மாவு மில்லுக்கு மேலே முதல் மாடி. ‘ஹெப்சி துப்பறியும் நிலையம்’ என்ற போர்டுக்குக் கீழே, அந்த ஹெப்சியே உள்ளே போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தார். புதன்கிழமை காலை ஒன்பது மணி.

உதவியாளன் முதாசிர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். “உங்க ஹேண்ட்பேக்ல டீச்சர். சைடு ஜிப். கண்ணாடிக் கூட்டுக்குள்ள.”

சாவி அங்கேதான் இருந்தது.

“காணாமப் போன நாயில இருந்து ஓடிப்போன மாப்பிள்ளை வரைக்கும் கண்டுபிடிக்கிறீங்க. சொந்தச் சாவி மட்டும் உங்களுக்கு டிமிக்கி குடுக்குது பாருங்க.”

“அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு ஹெப்சி உள்ளே போய் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

ஹெப்சிக்கு நாற்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, காப்பியடித்த பிள்ளையைப் பிடிப்பதில்தான் தனக்கு அதிக சந்தோஷம் என்று ஒரு நாள் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்தார். சிவப்புப் பேனாவை மட்டும் விடவில்லை. முதாசிர் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து வந்தவன். வயது முப்பத்துநாலு, வாய்க்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட.

ஸ்கூட்டர் ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் வரை ஊர்ந்து, ரேடியல் ரோட்டில் திரும்பியபிறகுதான் காற்று முகத்தில் பட்டது. பின்னால் உட்கார்ந்தபடியே ஹெப்சி கேஸைச் சொல்லி முடித்தார்.

கீழ்க்கட்டளையில் ‘துரிதம்’ என்று ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. பல்லாவரத்திலிருந்து மாடம்பாக்கம் வரை நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகளின் ஆம்புலன்ஸ் அழைப்புகள் இவர்களுடைய மெஷின் வழியாகத்தான் போகின்றன. யாராவது அழைத்தால், பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து அந்த டிரைவருக்கு மணியடிக்கும். போன வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று எட்டுக்கு மெஷின் படுத்தது. ஒன்றரைக்குத்தான் எழுந்தது. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் மாடம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டு, ஆம்புலன்ஸ் வராமல், ஆட்டோவிலேயே பிரசவமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். ஆட்டோக்காரர்தான் இன்னும் தெளியவில்லை. குழந்தைக்குத் தன் பெயரை வைக்கச் சொல்லி தினமும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாராம். பிறந்தது பெண் குழந்தை என்பதையெல்லாம் அவர் காதில் வாங்குவதாக இல்லை.

“இதுல துப்பறிய இன்னா டீச்சர் இருக்கு? மெஷின் படுத்துச்சு, எழுந்துச்சு.”

“யாரோ வேணும்னே படுக்க வெச்சாங்கன்னு முதலாளி சொல்றார். யாருன்னும் சொல்றார். சாயங்காலம் நாலு மணிக்குள்ள நான் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடுவாராம்.”

“பதிலை முதல்ல எழுதிட்டு அப்புறம் கணக்குப் போடச் சொல்றாரா?”

“பரவாயில்லையே, என்கூட இருந்து நீயும் தேறிட்டே,” என்று அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார்.

ஃபர்னிச்சர் ஷோரூமுக்கு மேலே இரண்டாவது மாடி. முதலாளி ஜீவானந்தம் வாசலிலேயே நின்றிருந்தார். கையோடு அழைத்துப் போய் ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினார். உள்ளே மெஷின்கள் விளக்குகள் மினுங்க ஓடிக்கொண்டிருந்தன. கதவில் பூட்டு. பூட்டின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதில் அவருடைய கையெழுத்து.

“எவிடென்ஸ் மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சீல் வெச்சுட்டேன். ஒரு ஈ காக்கா உள்ளே போகலை.”

“நல்ல வேளை, மெஷினுக்கு விலங்கு மாட்டலை,” என்றான் முதாசிர், ஹெப்சிக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அபிகாயில் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. அதைத் தேடித் தேடி விரல்கள் மட்டும் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தன.

“உன் வேலை என்னம்மா?” என்றார் ஹெப்சி.

“மெஷினை நிறுத்துறது மேடம்.”

முதாசிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்குச் சம்பளமா? எங்க வூட்ல என் பையன் ஓசியிலயே செய்யறான்மா.”

அவளும் லேசாகச் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பாக இருக்கும்.

“மெஷின்னா ஒரு நாள் விழும் அண்ணா. நம்மகிட்ட சொல்லிட்டு விழாது. அதனால எல்லாரும் முழிச்சிட்டு உக்காந்திருக்கும்போது நாங்களே அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்போம். மெயின் மெஷின் விழுந்தா, பக்கத்துல இருக்கிற ரெண்டாவது மெஷின் தானா வேலையை வாங்கிக்கணும். வாங்கலைன்னா ஓட்டை எங்கன்னு தேடி அடைக்கணும். கேயாஸ் டெஸ்ட்னு பேரு. புதன்கிழமை பதினோரு மணிக்கு. அந்தப் பத்து நிமிஷம் வர்ற கால் எல்லாத்தையும் ரிசப்ஷன்ல கையால எடுத்துப்பாங்க, யாருக்கும் பாதகம் வராது. பதினோரு புதன் தள்ளிவிட்டேன். பதினோரு தடவையும் எழுந்திருச்சுது.”

“பன்னிரண்டாவது தடவைதான் வெள்ளிக்கிழமை,” என்று ஜீவானந்தம் பாய்ந்தார். “தள்ளித் தள்ளிப் பழகின கை மேடம். சும்மா இருக்குமா? தள்ளிவிடற பாஸ்வேர்டு இவகிட்ட மட்டும்தான் இருக்கு.”

“நான் புளிசாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன் சார்! மூணு பேர் பார்த்தாங்க!”

“போன்ல இருந்தும் பண்ணலாமே!”

அபிகாயிலின் கண் கலங்கியது. “மேடம், வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். ஆனா ‘ஆம்புலன்ஸை நிறுத்தினவ’ன்னு எழுதி அனுப்பினா எனக்கு யார் வேலை தருவாங்க? எங்க அம்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகலை. யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு.”

ஹெப்சி கை நீட்டினார். “அந்தப் பதினோரு புதனும் எழுந்திரிக்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி வெச்சிருப்பியே, குடு.”

ஒரு தாள் வந்தது. ஹெப்சி மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அதையும் முதாசிர்தான் எடுத்துக் கொடுத்தான். நாற்பத்தொரு விநாடி. முப்பத்தெட்டு. நாற்பத்தேழு. நாற்பது. ஐம்பத்திரண்டு. சிவப்புப் பேனா இறங்கி வந்து ஓர் எண்ணைச் சுழித்தது. தொண்ணூற்றைந்து.

“அன்னைக்கு மட்டும் என்ன இவ்வளவு நேரம்?”

அபிகாயில் யோசித்தாள். “அன்னைக்கு ஒரு பிறந்தநாள் மேடம். எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினாங்க. வேற ஒண்ணும் இல்லையே.”

“மெஷினுக்கும் பஜ்ஜி குடுத்தீங்களா?”

“டீச்சர்!” என்றான் முதாசிர். ஆனால் ஹெப்சி சிரிக்கவில்லை.

“முதாசிர், வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நம்ம ஆபீஸ்ல என்ன நடக்கும்?”

“எனக்கெப்படித் தெரியும்? அப்ப நான் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பேனே.”

“கரெக்ட்,” என்று ஹெப்சி தாளில் ஒரு டிக் போட்டார்.

எதற்கு மார்க் கிடைத்தது என்று முதாசிருக்கு விளங்கவே இல்லை.

ஹெப்சி முதலாளியிடம் திரும்பினார். “இன்னைக்குப் புதன்தானே? வழக்கம்போல பதினோரு மணிக்கு டெஸ்ட் நடக்கட்டும். இந்தப் பொண்ணே தள்ளிவிடட்டும். நான் என் கண்ணால பார்க்கணும்.”

“கையும் களவுமா!” ஜீவானந்தத்தின் முகம் மலர்ந்தது. ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டார்.

அந்த அறிவிப்பைக் கேட்டு ஹாலின் மூலையில் ஒருவர் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் துண்டு, மேஜையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் ஒரு நீளக் கவர். அயூப். ஐம்பத்திரண்டு வயது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்.

“நாலு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்லை மேடம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் பல்லாவரம் போய்ட்டு வருவார். தங்கமான மனுஷன்,” என்றார் ஜீவானந்தம்.

ஹெப்சி முதாசிரை ஓரமாக இழுத்தார். “பத்து ஐம்பதுக்கு அந்த பாயைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போ. பதினொண்ணு அஞ்சு வரைக்கும் மேலே விடாதே.”

முதாசிர் திரும்பிப் பார்த்தான். ஓஹோ, இவர்தானா. தலை நரைத்த மனுஷன், நெற்றியில் தொழுத தழும்பு. இவர் எதற்கு ஆம்புலன்ஸை நிறுத்தினார்? ஆனால் டீச்சரின் கணக்கு இதுவரை தப்பியதில்லை. சலாம் சொல்லி, ஊர் கேட்டு, தெரிந்தவர் பெயர் இரண்டை எடுத்துவிட்டு, ஒருவழியாக அவரைக் கீழே இறக்கினான்.

டீ வந்தது. அயூப் சூடாகவே ஒரே மூச்சில் குடித்தார்.

“இன்னா பாய், நாக்கு வெந்துடப் போகுது.”

“பதினோரு மணிக்கு நான் சீட்ல இருக்கணும் தம்பி.”

“உங்களுக்கு இன்னா வேலை அதுல? மெஷின் விழப் போகுது, மெஷின் எழுந்திரிக்கப் போகுது.”

அயூப் வாட்சைப் பார்த்தார். பத்து ஐம்பத்தேழு. எழுந்துவிட்டார். முதாசிர் சட்டென்று பாக்கெட்டைத் தடவி, “ஐயையோ, ஸ்கூட்டர் சாவி!” என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்தான். பாவம், பெரியவரும் குனிந்து தேடினார். இப்படிப்பட்ட ஆளா, என்று முதாசிருக்கு மறுபடியும் சந்தேகம். பத்து ஐம்பத்தொன்பதுக்கு அவர் தேடுவதை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். முதாசிர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

“விடு தம்பி. சொன்னா உனக்குப் புரியாது. விடு!”

“பதினொண்ணு அஞ்சுக்கு விடறேன் பாய். எங்க டீச்சர் உத்தரவு.”

அயூப் கையை உதறினார். குற்றவாளிகள் தப்பி ஓடித்தான் பார்த்திருக்கிறான் முதாசிர். ஆனால் இவர் தப்பி ஓடப் பார்க்கவில்லை. கேஸ் நடக்கிற இடத்துக்கே திரும்பி ஓடப் பார்த்தார். இது எந்த ஊர் களவாணித்தனம்?

பதினொன்று ஐந்துக்கு இருவரும் மேலே வந்தபோது ஹாலில் எல்லார் கண்ணும் சுவரில் இருந்தது. சுவரிலிருந்த பெரிய திரை முழுக்கச் சிவப்பு. ரிசப்ஷனில் இரண்டு பெண்கள் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு டிரைவர்களிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். அபிகாயில் கம்ப்யூட்டர் முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தாள். மெயின் மெஷினைத் தள்ளிவிட்டு முழுசாக ஐந்து நிமிஷம். இரண்டாவது மெஷின் எழவே இல்லை.

“பார்த்தீங்களா மேடம்! பார்த்தீங்களா!” ஜீவானந்தம் குதித்தார். “உங்க கண்ணு முன்னாடியே கெடுத்துட்டா!”

முதாசிர் கணக்கில் இடித்தது. “சார், ஒரு நிமிஷம். டீச்சர், பாய் என்கூடத்தான் இருந்தார். அவர் ஒண்ணுமே பண்ணலையே?”

“அதான் முதாசிர். அவர் ஒண்ணுமே பண்ணலை.” ஹெப்சி வழிவிட்டு நின்றார். “அயூப் சார், உங்க வேலையைச் செய்யுங்க.”

அயூப் அபிகாயிலைப் பார்க்கவில்லை. தன் நாற்காலிக்குப் போனார். ஒரே ஒரு வரி அடித்தார். நாலு விநாடியில் சுவர் முழுக்கப் பச்சை.

“விழுந்தது ஏன்னு அஞ்சு நாளா எல்லாரும் தேடறீங்க,” என்றார் ஹெப்சி. “எழுந்திரிக்காதது ஏன்னு ஒருத்தரும் கேக்கலை. முப்பது விநாடியில தானா எழுந்திரிக்கிற மெஷின்னா தினமும் முப்பதுன்னுதான் காட்டணும். ரெண்டும் ரெண்டும் நாலுன்னா மழை பெஞ்சாலும் நாலு, வெயில் அடிச்சாலும் நாலு. இங்கே நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. பஜ்ஜி தின்ன அன்னைக்குத் தொண்ணூத்தஞ்சு. கையில எண்ணெய், துடைச்சிட்டு அடிக்க நேரமாச்சு. இந்தக் கம்பெனியில பதினோரு புதனும் எழுந்தது மெஷின் இல்லை சார். அயூப் சார்.”

ஜீவானந்தம் திரும்பி அயூப்பைப் பார்த்தார்.

“எங்க ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. பதில் தெரிஞ்ச பிள்ளை வலது கையைத் தூக்கணும், தெரியாத பிள்ளை இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்துக் கேள்வி கேப்பாங்க. இன்ஸ்பெக்டர் ‘பேஷ், எல்லாருமே கை தூக்கறாங்களே’ன்னு எழுதிட்டுப் போவார். நீங்களும் நாள் குறிச்சு, நேரம் குறிச்சு, ஊருக்கெல்லாம் சொல்லித்தானே மெஷினைத் தள்ளிவிட்டீங்க? வெள்ளிக்கிழமை ஒண்ணு எட்டுக்கு அது யார்கிட்டயும் சொல்லாம விழுந்துச்சு. தூக்கிவிடற ஆள் அப்போ பல்லாவரத்துல தொழுகையில நின்னாரு.”

அயூப் எழுந்து நின்றார்.

“ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த ரெண்டாவது மெஷின் தானா வாங்கிக்கிறதை விட்டுடுச்சும்மா. சாருக்கு மெயில் போட்டேன். ‘ஓடுதுல்ல, அப்புறம் பார்க்கலாம்’னாரு. சரி, நாம பார்த்துக்குவோம்னு இருந்துட்டேன். ராத்திரி பகல் போன் கையிலதான். குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல போன். வூட்ல சம்சாரம் திட்டாத நாள் இல்லை. தொழுகையில மட்டும்தான் அதை அணைச்சு வெப்பேன். முடிச்சுட்டு செருப்பு விடற இடத்துல ஆன் பண்றேன், அவ்வளவு மெசேஜ். ஒத்தைக் கால் செருப்போட நின்னுகினு போன்லயே அடிச்சேன். அதுக்குள்ள இருபத்திரண்டு நிமிஷம் ஆயிடுச்சு.”

“அண்ணா,” என்றாள் அபிகாயில். “அஞ்சு நாள். நான் இங்க உக்காந்து அழுததை அஞ்சு நாளா பார்த்தீங்க.”

அயூப் சட்டைப் பையிலிருந்து அந்த நீளக் கவரை எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தார். ராஜினாமா. வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.

“அன்னைக்கே எழுதிட்டேன். குடுக்க தைரியம் வரலை. ஐம்பத்திரண்டு வயசுல வெளியே போனா யார் எடுப்பாங்கன்னு பயந்துட்டேன். இது தப்பு. பொண்ணு மேல பழி விழறதைப் பார்த்துட்டு நான் சும்மா இருந்தது பெரிய தப்பு.”

ஜீவானந்தம் கவரை எடுக்கக் கை நீட்டினார். ஹெப்சி சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்து அழுத்தினார்.

“எடுத்துக்கங்க சார். ஆனா நாலு மணி ரிப்போர்ட்ல அந்த ‘அப்புறம் பார்க்கலாம்’ மெயிலும் சேரும். நாற்பது ஆஸ்பத்திரிக்கும் ஒரு காப்பி போகும்.”

கை பின்வாங்கியது.

அபிகாயில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கவரை எடுத்தாள். முதாசிர் அவள் அதைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவள் கிழிக்கவில்லை. அயூப்பிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்குக் கோபம் போகலை அண்ணா. போக நாளாகும். ஆனா நீங்க அடிக்கிற அந்த ஒரு வரி எனக்கு வேணும். எந்த நேரத்துல, எதைப் பார்த்து அடிக்கிறீங்கன்னு முழுசாச் சொல்லுங்க. அதை மெஷினே அடிக்கிற மாதிரி நான் பண்றேன். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீங்க தொழுகைக்குப் போனதும் தள்ளிவிடறேன்.”

“நான் இல்லாமயா?” என்றார் அயூப்.

“நீங்க இல்லாமத்தான்.”

அன்று மதியமே ஜீவானந்தம் தன் கையெழுத்தைத் தானே கிழித்துக் கதவைத் திறந்தார். மெயின் மெஷினைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளேயிருந்த சின்ன ஃபேன் விட்டு விட்டுத்தான் சுற்றியது. சூடேறித் தானாக விழுந்திருக்கிறது. ஆறியதும் எழுந்து ஒன்றும் தெரியாத மாதிரி ஓடியிருக்கிறது. ஈ காக்கா நுழையாமல் ஐந்து நாள் அவர் காவல் காத்த குற்றவாளி அதுதான். நாலு மணி ரிப்போர்ட்டை ஹெப்சி ஒரே வரியில் எழுதினார்: ‘அபிகாயில் செய்தது அவள் வேலையை.’ அன்று மாலை கழுத்தில் அட்டையோடுதான் அவள் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் பள்ளிவாசலில் முதாசிர், அயூப்பின் பக்கத்திலேயே நின்று தொழுதான். பெரியவர் போனை அணைக்கும்போது விரல் இரண்டு தடவை வழுக்கியது. தொழுகை முடியும் வரை அவர் தோள் இறுகியே இருந்தது. யாருக்காக துஆ கேட்டாரோ, உதடு மட்டும் அசைந்தபடி இருந்தது. மெஷினுக்காகவும் கேட்டிருப்பார் என்றுதான் முதாசிர் நினைத்தான்.

செருப்பு விடும் இடத்தில் ஒரு காலை நுழைத்துவிட்டு, மறு காலை அந்தரத்தில் வைத்தபடி போனை ஆன் செய்தார். ஒரே ஒரு மெசேஜ். கண்ணாடியை எடுத்து மாட்டப் பொறுக்காமல் முதாசிரிடம் நீட்டினார்.

“ஒண்ணு எட்டுக்குத் தள்ளிவிட்டேன். முப்பது செகண்ட்ல தானா எழுந்திருச்சுது. மெதுவா வாங்க அண்ணா.”

அயூப் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். முதாசிர் படித்தான். பெரியவர் மறு செருப்பையும் நிதானமாக மாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டமும் கூச்சலுமாக இருந்த வெள்ளிச் சந்தையைப் பார்த்தார்.

“நாலு வருஷமா இந்தப் பக்கம் வந்து போறேன் தம்பி. சந்தைக்குள்ள ஒரு நாளும் போனதில்லை. சம்சாரம் ஒரு ரோஜாச் செடி கேட்டுகினே இருக்கா. வர்றியா, போய் ஒண்ணு வாங்கலாம்.”

“வாங்க பாய், இன்னா அவசரம்,” என்று சொல்லிக்கொண்டே முதாசிர் தன் போனை ஆன் செய்தான்.

பதினேழு மிஸ்டு கால். எல்லாம் டீச்சர். கடைசியாக ஒரு மெசேஜ்.

“படியில நிக்கறேன். சாவி எங்கே?”